பூட்டிய வீட்டு நேயர்

அந்தத் தெருவுக்குள் அவன் நுழைந்தபோது வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து கதவு கதவாகத் தட்டியதில் விரல் முட்டியெல்லாம் சிவந்திருந்தது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் அலுவலகம் கொடுத்த டேப்லெட், தோளில் சூடேறிப் போன தண்ணீர் பாட்டில். ஒவ்வொரு வாசலிலும் அவன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "மீடியம் வேவ் ரேடியோ கேக்குறீங்களா?" யாராவது ஆமாம் என்று சொன்னால்தான் டேப்லெட் அடுத்த கேள்வியைக் காட்டும். அந்த வார்டில் அடுத்த கேள்வியை அவன் இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

"ரேடியோவா? அதைப் பழைய இரும்புக்குப் போட்டு எவ்வளவோ நாளாச்சுப்பா," என்றார் ஒருவர்.

"கார்ல இருந்துச்சு. புதுக் கார்ல அதுவும் இல்ல," என்றார் இன்னொருவர்.

ஒரு கல்லூரிப் பெண் போனைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டாள். "மீடியம் வேவா? எந்த ஆப்ல வருது அங்கிள்?"

ஒரே ஒரு வீட்டில் ஒரு செட் இருந்தது. ஆசை ஆசையாக உள்ளே போனான். அதன் தலைமேல் பூச்சாடி உட்கார்ந்திருந்தது. "போட்டா ஒரே இரைச்சல் சார். எல்இடி பல்பு எரிஞ்சா கரகர, போனுக்குச் சார்ஜ் போட்டா கரகர. இடையில யாரோ ஒரு அம்மா பேசுற மாதிரி இருக்கும், ஒண்ணும் புரியாது. அதான் அழகுக்கு வச்சுட்டோம்," என்றாள் அந்த வீட்டுக்காரி.

அந்த யாரோ ஒரு அம்மா அவனுடைய மனைவி.

நகரத்துக்கு வெளியே ஒற்றைக்காலில் நிற்கும் அந்த ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து இத்தனை வருடமாக வரும் குரல் அவளுடையதுதான். முன்பு பல குரல்கள் இருந்தன. சிலர் ஓய்வு பெற்றார்கள், சிலர் பக்கத்து எஃப்எம் ஸ்டூடியோவுக்குத் தாவினார்கள், மிச்சமிருந்தவள் இவள். அவன் வேலை பார்த்த அச்சகம் மூடியபிறகு, நேயர் கணக்கெடுப்புக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்தான். மனைவி அங்கே வேலை செய்வதை மட்டும் வாய் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் வேலை கிடைத்திருக்காது.

அன்று காலை சூப்பர்வைசர் பேனாவைக் கடித்துக்கொண்டே சொல்லி அனுப்பியிருந்தார். "இதுவரைக்கும் எடுத்த வார்டெல்லாம் முட்டை. இதுவும் முட்டையா வந்தா அந்தக் கோபுரத்தைக் கழட்டி எடைக்குப் போட்டுடுவாங்க. பாத்து எடு."

தெருவின் கடைசி வீடு பூட்டிக் கிடந்தது. துருப்பிடித்த பெரிய பூட்டு. கதவின் கீழ்ப்பகுதியைக் கரையான் தின்றிருந்தது. எதிரே தையல் மிஷினில் குனிந்திருந்த அம்மாள் தலையைத் தூக்காமலே சொன்னாள். "அங்க யாரும் இல்லப்பா. நான் இங்க கடை போட்ட நாள்லேர்ந்து பூட்டுதான்."

வாசல்படியில் மட்டும் கொஞ்சம் நிழல் இருந்தது. அவன் அதில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினான். குதிகால் வெடித்திருந்தது. இந்த டேப்லெட்டை இப்படியே கொண்டுபோய்க் கொடுத்தால் மாலைக்குள் வேலை முடிந்துவிடும். தன் வேலை முடிந்தால் பரவாயில்லை, வேறு எங்காவது போய்க் கதவு தட்டலாம். அவள் எங்கே போவாள்? பேசுவதைத் தவிர வேறொன்றும் தெரியாதவள். அந்த மைக்கை எடுத்துவிட்டால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

மீடியம் வேவ் கேட்கிறீர்களா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று அழுத்தினான்.

இந்தத் தொழிலில் இது புதிதல்ல. வெயிலுக்குப் பயந்து நிழலில் உட்கார்ந்து, இல்லாத குடும்பங்களுக்குப் பிள்ளைகுட்டி வைத்துக் கணக்குக் காட்டுகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. இவன் அதுவரை அப்படிச் செய்ததில்லை. அதனாலேயே என்னவோ, செய்ததைக் கொஞ்சம் நன்றாகவே செய்தான்.

கேள்விகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போயின. ஆண். வயதானவர். தனியாக இருக்கிறார். முட்டி போய்விட்டது, படுக்கையை விட்டு எழ முடியாது. ரேடியோ தலைமாட்டில் இருக்கிறது. காலையில் நிலையம் திறப்பதிலிருந்து மூடுவது வரை கேட்கிறார். வேறு நிலையம் கேட்பதில்லை. பிடித்தது, அறிவிப்பாளர் அம்மாவின் குரல். எழுத எழுத அந்த மனிதர்மேல் அவனுக்கே ஒரு பாசம் வந்துவிட்டது.

கடைசிக் கேள்வி: எங்களிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினான். 'அந்த அம்மாவை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும்.'

அனுப்பு என்பதை அழுத்தினான்.

முதுகுக்குப் பின்னால், பூட்டிய கதவுக்குள், ஏதோ கரகரத்தது.

எலியாக இருக்கும். கரையானரித்த வீட்டில் எலிக்கென்ன பஞ்சம்? அவன் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தான். பத்தடி போனபிறகுதான் உறைத்தது. எலி பிறாண்டினால் விட்டு விட்டுக் கேட்கும். இது ஒரே சீராக, அலைவரிசை தேடுகிற முள் நகர்வதுபோல மெதுவாக நகர்ந்து, ஓரிடத்தில் வந்து நின்றிருந்தது.

திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. கால் வலி வேறு.

*

மாலையில் மனைவி வந்தாள். வந்ததும் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தாள். அதுதான் வழக்கம். நாள் முழுக்க யாருமே கேட்காத பேச்சைப் பேசிவிட்டு வருகிறவளுக்கு வீட்டுக்கென்று பேச்சு மிச்சமிருக்காது. இருந்தாலும் கேட்க ஆளில்லை. அவன் நாள் முழுக்க மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு வருகிறவன். அவனுக்குக் காது புளித்திருக்கும். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடும்போது தட்டுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அந்த வீட்டில் ஒரு ரேடியோகூட இல்லை.

"இன்னைக்கு எந்தப் பக்கம் போனீங்க?" என்றாள்.

"பழைய குடியிருப்பு."

"யாராவது..." என்று ஆரம்பித்தவள் பாதியில் விட்டுவிட்டாள். பல நாளாகக் கேட்டுச் சலித்த கேள்வி. அவள் குனிந்து தட்டைப் பார்த்தாள். காதோரம் நரைத்துப்போன முடி விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. அவனுக்கு மனசு கேட்கவில்லை.

"ஒருத்தர் கேக்குறார்."

அவள் கை நின்றது. "நிஜமாவா?"

"நிஜமாத்தான். வயசானவர். படுத்த படுக்கை. ரேடியோவத் தலைமாட்டுலயே வச்சிருக்கார். உன் குரலைக் கேட்டாதான் பொழுதே விடியுதுன்னார்."

"அப்படியா சொன்னார்? வேற என்ன சொன்னார்? நல்லாக் கேக்குதாமா? இரைச்சல் இல்லையாமா?"

அவன் சொல்லிக்கொண்டே போனான். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். இன்னும் கொஞ்சம் போட்டுச் சாப்பிட்டாள். பாத்திரம் கழுவும்போது ஏதோ பழைய மெட்டை முணுமுணுத்தாள். பொய் சொன்ன வாய்க்கு உடனே தண்டனை கிடைக்காவிட்டால் அந்தப் பொய் நல்ல பொய் என்று தோன்றிவிடும். அவனுக்கும் அப்படித்தான் தோன்றியது. நிம்மதியாகத் தூங்கினான்.

சில நாட்கள் கழித்து அவள் வாசலிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வந்தாள்.

"ஏங்க! அவர் போன் பண்ணினார்!"

"எவர்?"

"நீங்க சொன்னவர்தாங்க! நேயர் அழைப்பு நேரத்துல. அந்த லைன்ல மணியடிச்சு எத்தனை காலமாச்சு தெரியுமா? நம்ம பொத்தானுக்கு எதை அமுக்கறதுன்னே மறந்துபோச்சு." பொத்தான் என்பது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒலியைக் கவனிக்கும் ஊழியருக்கு அவர்கள் வைத்த பெயர். "முட்டி வலி, எழுந்திரிக்க முடியலைம்மா, படுத்தபடியே கேக்குறேன்னார். தலைமாட்டுல ரேடியோன்னார். அப்படியே நீங்க சொன்ன மாதிரியே!"

அவன் எழுந்து வாசல் கதவைச் சாத்தினான்.

"பேர் சொன்னாரா?"

"கேட்டேன். பேர் எதுக்கும்மா, கணக்கெடுத்த தம்பிக்கு எல்லாம் தெரியும்னுட்டார்."

யாரோ விளையாடுகிறார்கள் என்றான். அலுவலகத்தில் எவனோ டேப்லெட்டைப் பார்த்துவிட்டுச் சீண்டுகிறான் என்றான். அவள் காதிலேயே வாங்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார் பாவம். 'எப்பம்மா என்னைப் பாக்க வர்றீங்க'ன்னு. ஒரு நாள் போயிட்டு வரலாமா?"

"வேண்டாம்," என்றான். சத்தம் சற்று அதிகமாகவே வந்துவிட்டது. அவள் முகம் சுருங்கியது.

*

மறுநாள் அவன் பழைய இரும்புக் கடைக்குப் போய் ஒரு கையடக்க ரேடியோவைத் தேடி வாங்கினான். கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கணக்கெடுப்பை அரைகுறையாக விட்டுவிட்டு, ஒரு பூங்காவின் பெஞ்சில், மின்கம்பிகளுக்குத் தள்ளி உட்கார்ந்து திருகினான். இரைச்சல், இரைச்சல், அதற்குள்ளிருந்து அவள்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் நிகழ்ச்சியை அவன் முழுதாகக் கேட்டது அன்றுதான். வீட்டில் இல்லாத ஒரு குரல் அவளுக்கு இருந்தது. சிரிப்பு இருந்தது. வெயிலைப் பற்றிப் பேசினாள், விலைவாசியைப் பற்றிப் பேசினாள், பாட்டுக்கு முன்னால் ஒரு குட்டிக் கதை சொன்னாள். இதையெல்லாம் காற்றில் விட்டுவிட்டா வீட்டுக்கு வெறுங்கையோடு வருகிறாள் என்று நினைத்துக்கொண்டே ரேடியோவைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

நேயர் அழைப்பு நேரம் வந்தது. மணி அடித்தது.

"வணக்கம், சொல்லுங்க," என்றாள்.

அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அதற்குப் பின்னால், சற்றுத் தாமதமாக, அவளுடைய குரலே திரும்ப வந்தது. வணக்கம், சொல்லுங்க.

"உங்க ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டுப் பேசுங்க," என்றாள் வழக்கம்போல.

"முடியலைம்மா." குரல் மண் உதிர்வதுபோல வந்தது. "எழுந்திரிக்க முடியாது. முட்டி."

"அய்யோ, பரவாயில்ல. அப்படியே பேசுங்க."

"எப்பம்மா வர்றீங்க?"

பூங்காவில் நல்ல வெயில். குழந்தைகள் சறுக்குமரத்தில் கத்திக்கொண்டிருந்தன. அந்த வார்த்தைகளை அவன்தான் எழுதினான். முட்டி என்று எழுதியது அவன். எழ முடியாது என்று எழுதியதும் அவன்.

எழ முடியாது.

அந்த ஒரு சொல்லைத்தான் அவன் பிடித்துக்கொண்டான். அங்கே எது இருந்தாலும் அது படுத்திருக்கிறது. இவள் போகாதவரை பயமில்லை.

*

சூப்பர்வைசரின் அறை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. தலையை இடித்துக்கொள்ளாமல் உள்ளே போனவர்கள் குறைவு. அவர் கம்ப்யூட்டர் திரையை அவன் பக்கம் திருப்பினார்.

"உன் வார்டுல ஒரே ஒரு நேயர். சந்தோஷம். ஆனா இதென்னப்பா? தனியா இருக்கார்னு போட்டிருக்க, படுத்த படுக்கைன்னும் போட்டிருக்க. அப்ப சோறு யாரு போடுறா? செட்டுக்கு பேட்டரி யாரு மாத்துறா? மேல கேட்டா நான் என்ன பதில் சொல்றது? இடிக்குதுல்ல?"

அவன் திரைக்கு அருகே குனிந்து, தான் எழுதியதை மறுபடி படித்தான்.

"ரெண்டுல ஒண்ணு," என்றார். "முழுசா அழிச்சிடறேன். இல்லேன்னா, நடமாடுவார்னு மாத்திடறேன். நடமாடினா எல்லாம் சரியாப் போகும். என்ன சொல்ற?"

"அழிச்சா...?"

"அழிச்சா வார்டு முட்டை. கதை முடிஞ்சுது. எனக்கென்ன, எனக்கு இதுக்கும் அதே கூலிதான்."

அழித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் முணுமுணுத்த மெட்டு நினைவுக்கு வந்தது. இந்தச் சில நாட்களாக அவள் புடவைக்குப் பொருத்தமாகப் பொட்டு வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள். ரேடியோவில் முகம் தெரியாது என்று கிண்டல் செய்ததற்கு, "கேக்குறவருக்குத் தெரியும்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தன் வாயாலேயே எப்படி அழிக்கச் சொல்வது? பகலில், மின்விசிறியின் கீழ், கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தால் பயமெல்லாம் கொஞ்சம் முட்டாள்தனமாகத்தான் தெரிந்தது.

"நடமாடுவார்னு போட்டுடுங்க," என்றான்.

சூப்பர்வைசர் ஒரு விரலால் தட்டினார். முடிந்தது.

*

மறுநாள் ஒரு புதிய வார்டில், யாரோ ஒருவருடைய வீட்டு வாசலில் நின்றபடி, காதில் அந்தச் சின்ன ரேடியோவை வைத்துக்கொண்டிருந்தான். நேயர் அழைப்பு. மணி.

"வணக்கம், சொல்லுங்க... கொஞ்சம் ரேடியோ சத்தத்தைக் குறைச்சுக்கிட்டு..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. கட்டில் கிறீச்சிட்டது. தரையில் எதையோ இழுப்பதுபோல ஒரு சத்தம். பிறகு ஒரு காலடி. நின்று, இன்னொன்று. ரேடியோவின் திருகுக் குமிழ் 'டிக்' என்றது.

பின்னால் கேட்டுக்கொண்டிருந்த அவள் குரல் அடங்கியது.

"குறைச்சுட்டேன்மா," என்றார் அவர்.

"அட! எழுந்துட்டீங்களா? முட்டி எப்படி இருக்கு?"

"வலி போயிடுச்சும்மா. நேத்துலேர்ந்து. தம்பி புண்ணியம்." மூச்சு வாங்கியது. "நீங்க அலைய வேண்டாம். நானே வரேன்."

அவன் ஓடினான். கதவைத் திறந்த வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று வாசலிலேயே நின்றார். ஆட்டோ பிடித்து, நெரிசலில் சிக்கி, பாதியில் இறங்கி, பழைய குடியிருப்பின் அந்தக் கடைசி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மூச்சு நெஞ்சில் நிற்கவில்லை. ஸ்டூடியோவுக்கு ஓடியிருக்க வேண்டும். பயந்தவனுக்குப் புத்தி எங்கே வேலை செய்கிறது? புறப்படுவதற்குமுன் தடுத்துவிடலாம் என்று நினைத்துவிட்டான்.

பூட்டு அப்படியே தொங்கியது. துரு கலையவில்லை.

எதிரே தையல்கார அம்மாள் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றிருந்தாள். அவள் முகம் வெளிறிப் போயிருந்தது.

"கதவு திறக்கலப்பா," என்றாள் மெதுவாக. "ஆனா யாரோ படியில இறங்கிப் போனாங்க. செருப்பு இல்லாத காலடிச் சத்தம். என் கடை வாசலைத் தாண்டித்தான் போச்சு. ஆளைக் காணோம்."

பக்கவாட்டு ஜன்னலின் ஒரு பலகை உடைந்திருந்தது. அதன் வழியே பார்த்தான். பழைய துணியும் ஈரமும் சேர்ந்த வாடை முகத்தில் அறைந்தது. ஒரு கட்டில். மெத்தை முழுக்கப் புழுதி. நடுவில் மட்டும் ஓர் ஆள் படுத்த அளவுக்குப் புழுதி இல்லை. தலைமாட்டில் ஒரு ரேடியோ. அதிலிருந்து ஒயர் எதுவும் போகவில்லை. பின்மூடி இல்லை. பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் சிலந்திவலை.

அந்த ரேடியோவிலிருந்து, குறைத்துவைத்த சத்தத்தில், அவன் மனைவி பேசிக்கொண்டிருந்தாள். பாட்டு ஒன்றைப் பற்றி ஏதோ சொல்லிவந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

ஒரு கதவு திறந்தது.

"வாங்க," என்றாள். குரலில் சந்தோஷம் பொங்கியது. "நீங்கதானா? வாங்க வாங்க, உள்ள வாங்க. இப்படி உட்காருங்க."

நாற்காலி நகர்ந்தது.

"எங்க வீட்டுக்காரர் உங்களைப் பத்தி அவ்வளவு சொல்லியிருக்கார்."

மைக்குக்கு மிக அருகில், உதடு உரசுமளவு அருகில், அந்தக் குரல் சொன்னது. "அவர் சொன்னதுலதானேம்மா நான் வந்தேன்."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். ரேடியோவுக்கு அது எப்படிக் கேட்கும்? எத்தனை கத்தினாலும் அது இந்தப் பக்கம் மட்டுமே பேசும் பெட்டி.

*

அவன் ஸ்டூடியோவுக்குப் போய்ச் சேர்ந்தபோது நிகழ்ச்சி முடிந்திருந்தது. வராந்தாவில் பொத்தான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பாட்டிலின் வாய் பல்லில் இடித்துத் தடதடத்தது.

"உள்ள யாரும் போகல சார்," என்றார். "கதவு தானாத் திறந்துச்சு. ஏசி காத்துன்னு நெனச்சேன். மேடம் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாங்க. எதிர்ல யாரும் இல்ல. ஆனா ரெண்டாவது மைக்குக்கு ஒரு முள் இருக்குல்ல, சத்தம் வந்தா ஆடுமே, அது நிகழ்ச்சி முடியற வரைக்கும் ஆடிக்கிட்டே இருந்துச்சு. எனக்கு உடம்பு சரியில்ல சார், நான் லீவு போடப் போறேன்."

அவள் கைப்பையோடு வெளியே வந்தாள். நலமாகத்தான் இருந்தாள். இத்தனை நலமாக அவளை அவன் பார்த்ததில்லை.

"வந்தாருங்க," என்றாள். "ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்."

"எப்படி இருந்தார்? முகம் எப்படி?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "முகம்... நான் பேசிக்கிட்டே இருந்தேனா, சரியாப் பாக்கல. கேட்டுக்கிட்டே இருந்தார். அது போதும்ல?"

அடுத்த மாதம் நிலையத்தை மூடும் உத்தரவு வந்தது. அவன் சூப்பர்வைசரிடம் ஓடினான். அவர் பேனாவைக் கடித்தபடி, "அதெல்லாம் கணக்கெடுப்புக்கு முன்னாடியே முடிவு பண்ணின விஷயம்பா. இது சும்மா ஃபைலுக்கு," என்றார். "உன் ஒரு நேயரை யாரு பாத்தா? திறந்துகூடப் பாத்திருக்க மாட்டாங்க."

மாடிப்படிக்குக் கீழிருந்து அவன் தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தான். எதற்காகச் செய்தானோ அது நடக்கவில்லை. செய்தது மட்டும் நிலைத்துவிட்டது.

கடைசி நாள் அவள் நன்றி சொல்லி விடைபெற்றாள். கோபுரத்துக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தினார்கள். அவனுடைய கையடக்க ரேடியோவில் பேச்சு போய் வெறும் இரைச்சல் மிஞ்சியது. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அழவில்லை. வீட்டுக்கு வந்து தலைமுடியை அவிழ்த்துவிட்டு, சாப்பிட்டுப் படுத்தாள். அவனுக்கு உள்ளுக்குள் வெட்கமான ஒரு நிம்மதி இருந்தது. நிலையம் இல்லை, நேயரும் இல்லை. இனி இவளை உட்காரவைத்துப் பேசச் சொல்லிக் கேட்கலாம். இத்தனை வருடம் கேட்காததையும் சேர்த்துக் கேட்கலாம். அப்படி நினைத்துக்கொண்டே, தட்டிய கதவுகளின் அலுப்பெல்லாம் சேர்ந்து அழுத்த, தூங்கிப்போனான்.

விடியும் நேரத்தில் அவள் குரல் கேட்டு விழித்தான். பக்கத்தில் அவள் இல்லை. நடுக்கதவு ஒருக்களித்திருந்தது.

முன்னறையில், மேசைக்கு முன்னால், தலைவாரிப் பொட்டு வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மேசையில் ஒன்றுமில்லை. பூங்கா பெஞ்சில் அவன் கேட்ட அதே குரலில், அதே சிரிப்போடு பேசிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு வெயில் இருக்காது போலிருக்கிறது, நேற்றிரவு சரியாகத் தூக்கமில்லை, சின்ன வயதில் ஒருநாள் மழையில்...

"யார்கிட்ட பேசுற?" என்றான்.

அவள் ஒரு விரலைத் தூக்கினாள். சிவப்பு விளக்கு எரியும்போது உள்ளே வருகிறவர்களை நிறுத்துவதற்கு அறிவிப்பாளர்கள் தூக்குவதுபோல.

அவன் போய் அவளுக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் கையைப் பிடித்தான். "நான் கேக்குறேன்," என்றான். "எங்கிட்ட சொல்லு. இனிமே நான் கேக்குறேன். மழையில என்ன ஆச்சு? சொல்லு."

அவள் அவனைப் பார்த்தாள். கோபமில்லை. கடை மூடியபிறகு வந்து நிற்கும் ஆளைப் பார்க்கிற மாதிரியான பரிவு.

"நீங்க போய்ப் படுங்க," என்றாள் மெல்ல. "நாளெல்லாம் நடந்து அலைஞ்சிருக்கீங்க."

கையை உருவிக்கொண்டாள். மறுபடி அந்தக் குரலில் ஆரம்பித்தாள். மழை, ஒரு பள்ளிக்கூட வராந்தா, நனைந்துபோன ஒரு சிநேகிதி. மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினாள்.

அவனுக்குப் பின்னால், அவன் எழுந்து வந்த அறையிலிருந்து, அவன் படுத்திருந்த சூடு இன்னும் ஆறாத கட்டிலிலிருந்து, ஒரு குரல் சோம்பலாக உம் கொட்டியது.

"ம்... அப்புறம்?"